கீழே போகாத தண்ணீர்: நமது வட்டைகளின் களிமண் சொல்லும் வரலாறு



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரையுள்ள நமது ஊர்களின் வரலாறு என்றதும் நாம் மன்னர்களைப் பற்றிப் பேசுகிறோம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் பற்றிப் பேசுகிறோம். பழைய பள்ளிவாசல்களையும் போடிமாரையும் பற்றிப் பேசுகிறோம். வயலுக்குள் இறங்கியதும் காலைப் பிடித்து இழுக்கிறதே, அந்தக் களிமண்ணைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. ஆனால் நாம் எங்கே வீடு கட்டினோம், எப்போது உழுதோம், வட்டை விதானை என்று ஒருவரை ஏன் வைத்துக்கொண்டோம், இன்று மழை பெய்தால் ஏன் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்ற நான்கு கேள்விக்கும் விடை அந்த மண்ணுக்குள்தான் இருக்கிறது.

*ஊர் மணலில், வயல் களியில்*

கடற்கரையிலிருந்து மேற்கு நோக்கி நடந்து பாருங்கள். முதலில் மணல். அதில் தென்னை, கிணறு, வீடு, பள்ளிவாசல், பாடசாலை. பிரதான வீதியைத் தாண்டிக் கொஞ்சத் தூரம் போனதும் நிலம் தாழ்கிறது. மணலின் வெளிர் நிறம் மறைந்து கருஞ்சாம்பல் நிறம் வருகிறது. அங்கிருந்து கண்ணுக்கு எட்டும் வரை வயல்தான். நிந்தவூரிலும் காரைதீவிலும் சாய்ந்தமருதிலும் அட்டாளைச்சேனையிலும் இதே அமைப்புத்தான். சம்மாந்துறை மட்டும் உள்ளே, வயல்களுக்கு நடுவில் ஒரு மேட்டு ஊராக நிற்கிறது.

இந்த ஒழுங்கு தற்செயலாக வந்ததல்ல. மணலில் மழைநீர் கீழே இறங்கிவிடும், முற்றம் காய்ந்துவிடும், சுவர் நிற்கும், கிணற்றில் நல்ல தண்ணீர் ஊறும். ஆனால் அங்கே தண்ணீரைக் கட்டி வைத்து நெல் விளைவிக்க முடியாது. களியில் எல்லாம் தலைகீழ். தண்ணீர் கீழே இறங்காது. வீட்டுக்கு அது கெடுதல், நெல்லுக்கு அது வரம். நமது முன்னோர் வீட்டை மணலிலும் வேளாண்மையைக் களியிலும் வைத்தார்கள். மண்ணியல் என்ற பாடம் வருவதற்கு முன்பே மண்ணை வாசித்தவர்கள் அவர்கள்.

இந்தக் களி எங்கிருந்து வந்தது? நாம் இன்று கல்லோயா என்று சொல்லும் பட்டிப்பளை ஆறுதான் அதைக் கொண்டுவந்தது. மலைநாட்டின் ஊவாப் பக்கத்தில் பிறந்து கிழக்கே ஓடிவரும் இந்த ஆறு, மாரியில் கரைபுரளும்போது மணலையும் மண்ணையும் சுமந்து வரும். கரையைத் தாண்டியதும் தண்ணீரின் வேகம் குறைகிறது. பாரமான மணல் ஆற்றோரத்திலேயே விழுந்துவிடுகிறது. மிக நுண்ணிய களித்துகள் மிதந்துகொண்டே தூரம் போய், தண்ணீர் அசையாமல் நிற்கும் பள்ளத்தில் மெல்ல அடைகிறது. ஆற்றங்கரை மேடாகவும் இலகு மண்ணாகவும், அதற்கு அப்பால் பள்ளமாகவும் களியாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இன்னொரு விடயமும் நடக்கிறது. ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் ஆறு தன் பாதையை மாற்றுகிறது, சில இடங்களில் ஆழமாக வெட்டிக்கொண்டு கீழே இறங்குகிறது. அப்போது முன்பு வெள்ளம் பரவிய பழைய தரை, ஆற்றை விட ஒரு படி உயரத்தில் தனித்து நிற்கும். இதைத்தான் புவியியலில் ஆற்றுப் படிமேடை என்கிறோம். மண் வரைபடத்தில் பழைய வண்டல் என்று குறிக்கப்படும் நிலங்களில் இப்படிப்பட்டவை உண்டு. ஆறு இன்று தொலைவில் ஓடினாலும், அது என்றோ விட்டுப்போன களி இன்னும் அங்கே தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறது.

நமது ஊர்ப் பெயர்களே இதற்குச் சாட்சி. மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் மருது இருக்கிறது. ஆற்றோரத்திலும் ஈரத்தரையிலும் வேர் ஊன்றி வளரும் மரம் அது. களியோடை ஆற்றின் பெயரிலேயே களி இருக்கிறது. சம்மாந்துறைக்குச் சம்பான்கள் வந்து அடைந்ததால் அந்தப் பெயர் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். இன்று கடலிலிருந்து இவ்வளவு உள்ளே இருக்கும் ஊரைப் பற்றி அப்படி ஒரு கதை நிலைத்திருப்பதே, இந்தத் தரையில் தண்ணீருக்கு இருந்த இடத்தைக் காட்டுகிறது.

*களியின் குணம்*

பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல் எளிமையாகச் சொல்கிறோம்.

களித்துகள் ஒன்றின் அளவு 0.002 மில்லிமீற்றரை விடக் குறைவு. கண்ணுக்குத் தெரியாது. தட்டையான ஏடுகள்போல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். இடைவெளிகள் மிகமிகச் சிறியவை. அதனால் தண்ணீர் உள்ளே போவதும் கடினம், போன தண்ணீர் வெளியே வருவதும் கடினம். ஈரக்களியைக் கையில் எடுத்து உருட்டினால் நூல்போல நீளும், வளைத்தால் உடையாது. மணலை அப்படி உருட்ட முடியாது. வகுப்பறையில் செலவில்லாமல் செய்யக்கூடிய சோதனை இது.

தண்ணீர் நின்றதும் மண்ணுக்குள் இருக்கும் ஒட்சிசன் விரைவில் தீர்ந்துபோகிறது. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் மூச்சுவிட வேறு வழி தேடி, மண்ணிலுள்ள இரும்பைப் பயன்படுத்துகின்றன. செந்நிறமாக இருந்த இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறுகிறது. மண்ணின் சிவப்புப் போய்ச் சாம்பல் நிறமும், சில இடங்களில் நீலம் கலந்த பச்சையும் வருகிறது. சாம்பல் நிறத்துக்கு நடுவே துருப்பிடித்ததுபோலச் செம்மஞ்சள் புள்ளிகளும் கோடுகளும் இருக்கும். அவை வேர் போன பாதைகள், அல்லது மண் காயும்போது காற்றுப் புகுந்த வெடிப்புகள். ஒரு குழியின் சுவரைப் பார்த்தே, அந்த நிலத்தில் தண்ணீர் வருடத்தில் எவ்வளவு உயரம் வரை நிற்கிறது என்று மண்ணியலாளர் மதிப்பிடுவதும் இந்தப் புள்ளிகளை வைத்துத்தான். ஆழத்தில் சில இடங்களில் வெள்ளைச் சுண்ணாம்பு முடிச்சுகளும் கிடைக்கும்.

மற்றப் பயிர்களின் வேர் இதில் மூச்சு முட்டிச் சாகும். நெல் சாகாது. நெல்லின் தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் காற்றுப் போகும் குழாய்கள் இருக்கின்றன. இலை எடுத்த காற்றை அது வேருக்கு அனுப்புகிறது. நெற்பயிரைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் செம்மை படிந்திருப்பது அதனால்தான். வேரிலிருந்து கசிந்த ஒட்சிசன், பக்கத்திலிருந்த இரும்பைத் துருவாக்கி வேரின் மேலேயே படிய வைத்திருக்கிறது.

காய்ந்தால் இதே மண் கல்லாகிவிடும். கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும். நனைந்தால் ஒட்டும். இரண்டுக்கும் நடுவில் உழுவதற்கு ஏற்ற பதம் வருவது கொஞ்ச நாட்களுக்குத்தான். அந்தப் பதத்தைத் தவறவிட்டவன் அந்தப் போகத்தையே தவறவிடுவான். மழைக்கு முன்பே விதைக்கும் முன்மாரி, மழைக்குப் பிறகு செய்யும் பின்மாரி என்ற நமது பழைய பிரிவுகளுக்குள் இருப்பது இந்தப் பதத்தின் கணக்குத்தான்.

உழவு இயந்திரம் வருவதற்கு முன் எருமைக் கூட்டத்தை வயலுக்குள் இறக்கி மிதிப்பித்தார்கள். அது மண்ணைப் புரட்டுவதற்காக மட்டும் அல்ல. ஈரக்களியை மிதிக்க மிதிக்க, மிஞ்சியிருந்த சிறு துவாரங்களும் அடைபட்டு, அடியில் ஓர் இறுகிய படை உண்டாகும். அதன் பிறகு கட்டிய தண்ணீர் கட்டியபடியே நிற்கும். மேட்டிலுள்ள செங்கபில மண்ணில் நெல் செய்தால், தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். களியில் ஊற்றிய தண்ணீர் நின்று பயன் தரும்.

*பழைய வயல், பல கைகள்*

இந்தத் தரையில் முதலில் இறங்கியவர்கள் நாம் மட்டும்தான் என்று சொல்லிக்கொள்ள முடியாது. பட்டிப்பளை ஆற்றுப் படுகையின் தீகவாபிப் பிரதேசத்தை மகாவம்சம் குறிப்பிடுகிறது. துட்டகைமுனுவின் தம்பி சத்தாதிஸ்ஸன் அங்கே பயிர்ச்செய்கையை மேற்பார்வை செய்ய அனுப்பப்பட்டதாக அது சொல்கிறது. அந்தப் பெயரின் பொருளே நீண்ட குளம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நெல்லுக்காக மக்கள் இங்கே தண்ணீரைக் கட்டினார்கள்.

1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு இடம் கொடுத்தான். மட்டக்களப்புப் பக்கத்தில் மட்டும் 4000 பேரை அவன் குடியமர்த்தியதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அதற்கு முன்பும் இங்கே நம்மவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தக் குடியேற்றத்துக்குப் பிறகு, வியாபாரமே தொழிலாயிருந்த பல குடும்பங்கள் களியில் கால் வைத்து விவசாயிகளாக மாறின. இலங்கை முஸ்லிம்கள் என்றால் வியாபாரிகள் என்று வெளியில் ஒரு பொதுக்கதை இருக்கிறது. கிழக்குக் கரையில் அந்தக் கதை பொருந்தாததற்குக் காரணம் இந்த மண்.

ஒல்லாந்தர் காலத்தில், 1784 தொடக்கம் 1794 வரை மட்டக்களப்பின் பொறுப்பதிகாரியாக இருந்த ஜேக்கப் பேர்னாண்ட் நெற்செய்கையைப் பெருக்குவதில் அக்கறை காட்டியவர். போகும்போது, தனக்குப் பின் வருபவருக்காக ஒரு நீண்ட அறிக்கை எழுதி வைத்தார். கறுவாவும் மிளகும் தேடி வந்தவர்கள், இங்கே வந்து நெல்லைப் பற்றி எழுத வேண்டியிருந்தது.

*வட்டை எப்படிப் பிறந்தது*

இந்தப் பதிவில் நாம் சொல்ல வந்த முக்கியமான விடயம் இதுதான். மணலில் பெய்த தண்ணீர் கீழே போகும். களியில் பெய்த தண்ணீர் கீழே போகாது. அப்படியென்றால் அது எங்கே போகும்? பக்கத்துக் காணிக்குப் போகும்.

இந்த ஒரு குணம்தான் நமது விவசாயச் சமூகத்தை உருவாக்கியது. மணல் நிலத்தில் தென்னை வைத்தவன், அடுத்த வளவுக்காரனைக் கேட்காமலே வாழலாம். களி நிலத்தில் நெல் செய்பவனால் அது முடியாது. நான் வரம்பை ஒரு சாண் உயர்த்தினால் உன் பயிர் மூழ்கும். நீ வக்கடையை அடைத்தால் என் வயல் காயும். மேல் வயல்காரன் வடிச்சலைத் திறக்கும் நேரம் கீழ் வயல்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவன் பிந்தி விதைத்தால், மற்றவர்கள் வெட்டுக்காகத் தண்ணீரை வடிக்கும் நேரத்தில் அவனுக்குத் தண்ணீர் தேவைப்படும். அங்கேயிருந்துதான் சண்டை தொடங்கும்.

அதனால் வயல்களைத் தனித்தனியாகப் பார்க்காமல், ஒரே வாய்க்காலில் குடித்து ஒரே வடிச்சலில் வடியும் காணிகளை எல்லாம் ஒன்றாக்கி வட்டை என்றார்கள். ஒவ்வொரு வட்டைக்கும் ஒரு விதானை. எந்த நாளில் தண்ணீர் திறப்பது, எந்த நாளில் விதைப்பது, மாடுகளை எப்போது வயல்பக்கம் விடக்கூடாது, வாய்க்கால் வெட்ட யார் எத்தனை முழம் என்பதையெல்லாம் காணிக்காரர்கள் கூடித் தீர்மானிப்பார்கள். அதை நடைமுறைப்படுத்துவது வட்டை விதானையின் வேலை. தமிழ்ப் போடியாரும் முஸ்லிம் போடியாரும் ஒரே வட்டைக்குள் காணி வைத்திருந்த இடங்களில், இரண்டு சமூகமும் ஒரே கூட்டத்தில் உட்கார்ந்து பேசின. ஊர் வேறு, மார்க்கம் வேறு. ஆனாலும் வடிச்சல் ஒன்றாக இருந்ததால் பேசித்தான் ஆக வேண்டும்.

இந்தக் கூட்டு வாழ்க்கைக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு, அதை மறைக்கத் தேவையில்லை. காணி போடிமார் கையில் இருந்தது. சேற்றில் நின்றவர்கள் முல்லைக்காரர்களும் கூலிக்காரர்களும். விளைச்சலில் பெரும் பங்கு வரம்பில் குடை பிடித்து நின்றவருக்குப் போனது. களி எல்லோருடைய காலையும் ஒரே மாதிரி இழுத்தாலும், நெல்லை ஒரே மாதிரிப் பங்கிடவில்லை.

நெல்லுக்கான ஸக்காத்தின் கணக்கிலும் தண்ணீருக்கு இடம் இருக்கிறது. வானத்து மழையாலும் இயல்பான நீராலும் விளைந்தால் பத்தில் ஒன்று. பாடுபட்டு இறைத்துப் பாய்ச்சி விளைந்தால் இருபதில் ஒன்று. தண்ணீருக்காக மனிதன் பட்ட பாடு கூடினால் கடமை குறைகிறது. தானாகத் தண்ணீர் பிடித்து வைக்கும் நிலத்தை வைத்திருப்பவன், அடுத்தவனுக்குக் கூடுதலாகக் கொடுக்கக் கடமைப்பட்டவன்.

*சட்டப் புத்தகத்துக்குள் போன வழக்கம்*

ஆங்கிலேயர் ஆட்சியின் முதல் அரை நூற்றாண்டில் குளங்களும் வாய்க்கால்களும் கவனிப்பாரற்றுக் கிடந்தன. 1855இல் ஆளுநராக வந்த சேர் ஹென்றி வார்ட் காலத்தில்தான் அரசின் பார்வை நீர்ப்பாசனத்தின் பக்கம் திரும்பியது. 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நெற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், புதிய விதிகளைத் திணிப்பதை விட, பழைய வழக்கங்களை மீட்டு அவற்றுக்குச் சட்ட பலம் கொடுப்பதையே நோக்கமாகக் கொண்டது. ஒரு பகுதியின் காணிக்காரர்கள் பெரும்பான்மையாகச் சம்மதித்தால், தங்கள் பழைய நீர் ஒழுங்குகளைத் தாங்களே நடைமுறைப்படுத்தலாம். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் இறக்காமம், அம்பாறைக் குளங்களின் திருத்த வேலைகளும் நடந்தன.

அதாவது நமது முன்னோர் வரம்பில் நின்று பேசித் தீர்த்ததை, வெள்ளைக்காரன் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு, பிலிப் குணவர்தன கொண்டுவந்த 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம், குத்தகை விவசாயிக்குப் பாதுகாப்புக் கொடுக்க முயன்றது. பழைய விதானை முறைக்குப் பதிலாக விவசாயிகளின் செய்கைக் குழுக்களை அமைத்தது. பிறகு சட்டங்கள் பலமுறை மாறின. ஆனால் இன்றும் நமது பகுதியில் போக ஆரம்பக் கூட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். வட்டை விதானைமார் முன்வரிசையில் இருப்பார்கள். தண்ணீர் இன்னும் கீழே போகவில்லை, அதனால் விதானையும் போகவில்லை.

*கல்லோயாவுக்குப் பிறகு*

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. இங்கினியாகலையில் அணை கட்டப்பட்டு, சேனநாயக்க சமுத்திரம் உருவானது. சுதந்திர இலங்கையின் முதல் பெரிய பல்நோக்கு நீர்த்திட்டம் அதுதான். அதோடு குடியேற்றங்கள் வந்தன. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. இவற்றின் அரசியலைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். மண்ணுக்கு என்ன நடந்தது என்று மட்டும் இங்கே பார்ப்போம்.

ஒன்று, சிறுபோகத்துக்கு நம்பிக்கையான தண்ணீர் கிடைத்தது. ஒரு போகம் செய்த பல வட்டைகள் இரண்டு போகம் செய்தன. இது பெரிய நன்மை.

இரண்டு, ஆற்று வெள்ளம் கொண்டுவந்த வண்டலின் பெரும்பகுதி அணைக்குள் தங்கிவிட்டது. முன்பு வெள்ளம் பயிரை அழித்தாலும் புதிய மண்ணைப் போட்டுவிட்டுப் போகும். இப்போது அந்த இடத்தை உர மூட்டை பிடித்தது.

மூன்று, மேட்டிலிருந்த, தண்ணீர் இறங்கும் மண்ணையும் நெல்வயலாக்கினார்கள். அந்த மண் வாய்க்கால் தண்ணீரை நிறையக் குடித்தது. கடைமடையில் இருந்தவர்களுக்கு முறைத் தண்ணீர் பிந்தியது. ஆனால் மேட்டில் இறங்கிய தண்ணீரில் ஒரு பகுதி கசிந்து, வடிச்சலாகப் பள்ளத்துக் களிக்கு வந்து சேர்ந்தது. ஒரே நேரத்தில் தண்ணீர் போதவில்லை என்ற முறைப்பாடும், தண்ணீர் வடியவில்லை என்ற முறைப்பாடும் ஒரே வட்டையிலிருந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நான்கு, நெல்லும் மாறியது. உயரமாக வளரும் பழைய இனங்கள் தேங்கிய தண்ணீருக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றன. 1970இல் வெளிவந்த பிஜி 11-11 போன்ற குட்டை இனங்கள் விளைச்சலைக் கூட்டின. ஆனால் அவற்றுக்குத் தண்ணீர் அளவோடு நிற்க வேண்டும், நேரத்துக்கு வடிய வேண்டும். வடிச்சல் வாய்க்காலின் முக்கியத்துவம் முன்னரை விடக் கூடியது. எருமை போய் உழவு இயந்திரமும், பிறகு வெட்டு மெஷினும் வந்தன. ஈரக்களியில் பாரமான இயந்திரம் இறங்கினால் அதன் தடம் அடுத்த போகம் வரை இருக்கும்.

நமது விவசாயிகள் கால்களால் அறிந்த இந்த மண்ணுக்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்ததும் இந்தக் காலத்தில்தான். மூர்மனும் பானபொக்கேயும் 1961இல் இலங்கை மண்களை வகைப்படுத்தினார்கள். 1972இல் டி அல்விஸும் பானபொக்கேயும் அதை மேலும் விரிவாக்கினார்கள். மேட்டில் செங்கபில மண், நமது மாவட்டத்தில் பரவலாகக் கல்சியமற்ற கபில மண், பள்ளத்தில் வடியாத தாழ் ஹியூமிக் கிளே மண், ஆற்றோரத்தில் வண்டல் மண் என்று சரிவுக்கு ஏற்ப அவை வரிசையாக வரும். இதில் கிளே என்ற சொல்லைப் பாருங்கள். 1905இல் ரஷ்ய மண்ணியலாளர் விசோத்ஸ்கி, தன் நாட்டு விவசாயிகளின் பேச்சில் இருந்த சேற்றுக்களியைக் குறிக்கும் சொல்லை எடுத்து விஞ்ஞானப் பெயராக்கினார். அவர்களுடைய வயல் சொல் உலகப் பாடப்புத்தகத்துக்குப் போனது. நமது வயல் சொற்களோ நமது பிள்ளைகளுக்கே தெரியாமல் போகின்றன.

*இன்று நாம் செய்வது*

இப்போது நிகழ்காலத்துக்கு வருவோம்.

கடற்கரை மணல் மேடு ஒடுங்கியது. சனத்தொகை பெருகியது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் இருக்கப் பயந்த, இருக்க அனுமதிக்கப்படாத குடும்பங்கள் மேற்குப் பக்கம் பார்த்தன. பிள்ளைகளுக்கு வீட்டு வளவு கொடுக்க வேண்டிய பெற்றோருக்கு வேறு காணி இல்லை. ஆகவே வயலில் கிறவல் கொட்டுகிறவர்கள் எல்லோரையும் பேராசைக்காரர்கள் என்று திட்டுவது நியாயமல்ல. பலருக்கு அது தேவை. சிலருக்கு மட்டும் அது வியாபாரம்.

ஆனால் மண்ணின் குணம் தேவையையும் வியாபாரத்தையும் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஓர் ஏக்கர் என்பது ஏறத்தாழ 4047 சதுர மீற்றர். அதில் 10 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால், அது 4 இலட்சம் லீற்றருக்குச் சற்று மேல். 5000 லீற்றர் பவுசரில் 80 பவுசர். அந்த ஓர் ஏக்கரில் கிறவல் போட்டு நிரப்பினால், அந்த 80 பவுசர் தண்ணீரும் அடுத்த வயலுக்கு, அடுத்த வீதிக்கு, அடுத்த வீட்டுக்குப் போகும். கிறவலுக்கு அடியில் இருப்பது களி, அது குடிக்காது. இப்படி ஒரு வட்டையில் பத்து ஏக்கர் நிரம்பினால் என்ன நடக்கும் என்பதைப் பிள்ளைகளே கணக்குப் போட்டுச் சொல்வார்கள்.

வயலுக்கும் கடலுக்கும் நடுவில் மணல் மேடு அணைபோல் நிற்கிறது. தண்ணீர் வெளியேற இருப்பது தோணாக்களும் முகத்துவாரங்களும்தான். தோணாவைக் குப்பையால் ஒடுக்கினோம், வடிச்சலை மதிலால் ஒடுக்கினோம், வயலைக் கிறவலால் நிரப்பினோம். பிறகு மழையைக் குறை சொல்கிறோம். 2011 ஜனவரி வெள்ளத்தில் கிழக்கு மாகாணம் பட்ட பாடு நமக்கு நினைவிருக்கிறது. 2024 நவம்பரில், மாவடிப்பள்ளியில் வீதியைக் குறுக்கறுத்து ஓடிய வெள்ளத்தில், மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. அந்தப் பிள்ளைகளுக்காகச் செய்த துஆக்கள் இன்னும் நம் நாவில் இருக்கின்றன. அந்த விபத்துக்குக் காரணம் இன்னது என்று சொல்ல நாம் வரவில்லை. காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் நடுவில் இருப்பது ஆற்றின் வெள்ளத்தரை, பெரிய மழையில் தண்ணீர் அந்தப் பாதையால்தான் கடலுக்குப் போகும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது என்கிறோம்.

நிரப்பிய களியில் கட்டிய வீட்டுக்கும் தொல்லை உண்டு. மாரியில் களி ஊதும், கோடையில் சுருங்கும். அத்திவாரம் அதோடு அசைந்தால் சுவர் வெடிக்கும். மலசலகூடக் குழியின் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் மழைநாளில் மேலே வரும். பக்கத்துக் கிணற்றுக்கும் போகும். வாங்கும்போது மலிவாக இருந்த வளவு, இருந்து பார்த்தால் விலை கூடியது.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் நெற்காணியை நிரப்புவது குற்றம். சட்டம் இருக்கிறது. ஆனால் இரவில் வரும் டிப்பருக்கு முன்னால் சட்டம் தூங்கிவிடுகிறது. விழித்திருக்க வேண்டியவர்கள் ஊரார்.

*நாம் என்ன செய்யலாம்?*

பெரிய திட்டங்கள் வேண்டாம். முன்னோர் செய்த சிறிய காரியங்கள் போதும்.

1. வளவு வாங்கும் முன் ஒரு மாரியில் அந்த இடத்தைப் போய்ப் பாருங்கள். அந்த வட்டையின் பழைய விதானை ஒருவரிடம், இங்கே தண்ணீர் எவ்வளவு நாள் நிற்கும் என்று கேளுங்கள்.

2. தவிர்க்க முடியாமல் வீடு கட்டினால், முழு வளவையும் நிரப்பாமல் தூணில் உயர்த்திக் கட்ட முடியுமா என்று பொறியியலாளரிடம் கேளுங்கள். வடிச்சல் வாய்க்காலின் ஓர் அங்குலத்தைக்கூட மதிலுக்குள் எடுக்காதீர்கள். அது உங்களுடையது அல்ல, வட்டைக்குரியது.

3. பள்ளிவாசல் நிருவாகங்களும் விவசாய அமைப்புகளும் மாரிக்கு முன் ஒரு நாள் கூடி, தோணாவையும் வடிச்சலையும் நடந்து பார்த்து, அடைபட்ட இடங்களைக் குறித்துக்கொள்ளலாம். அயல் தமிழ் ஊர்களின் ஆலய நிருவாகங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

4. மணல் மேட்டில் இருக்கும் வளவுகளில் மாடி கட்டிப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது, வயலில் நான்கு வளவு வாங்குவதை விட நல்லதா என்று ஒவ்வொரு குடும்பமும் ஒருமுறை யோசிக்கட்டும்.

5. ஆசிரியர்களாகிய நாங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒவ்வொரு பாடசாலையிலும் ஊரைச் சுற்றியுள்ள வட்டைகளின் பெயர்களைச் சேகரிப்போம். அந்தப் பெயர்களில் மரம் இருக்கும், மடு இருக்கும், ஓடை இருக்கும், முன்பு காணி வைத்திருந்தவரின் பெயர் இருக்கும். ஒரு வட்டை நிரம்பினால் முதலில் சாவது அதன் பெயர். யுத்த காலத்தில் போக முடியாமல் காடு பற்றிய வட்டைகளின் பெயர்கள் சிலருக்கு இப்போதே மறந்துவிட்டன.

இந்தக் களி நமக்குச் சோறு போட்டது. வியாபாரிகளை விவசாயிகளாக்கியது. வேறு வேறு மார்க்கத்தவரை ஒரே கூட்டத்தில் உட்கார வைத்தது. தண்ணீர் விடயத்தில் தனியாக வாழ முடியாது என்று நூற்றாண்டுகளாகச் சொல்லிக் கொடுத்தது. கிறவல் கொட்டினாலும் அந்தப் பாடம் அழியாது, களி அடியில் அப்படியேதான் இருக்கும். கற்றுக்கொள்ளாதவர்களுக்கு ஒவ்வொரு மாரியிலும் திரும்பச் சொல்லிக் கொடுக்கும்.

உங்கள் குடும்பம் வேளாண்மை செய்த வட்டையின் பெயரையும், மண்ணைப் பற்றி உங்கள் வாப்பாமாரும் மூத்தவர்களும் சொன்ன சொற்களையும் கீழே எழுதுங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து ஊர்வாரியாகத் தொகுக்கிறோம். தெரிந்த பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். நாம் சொன்னதை விடக் கூடுதலாக அவர்கள் சொல்வார்கள்.